உறைமோர் சுமந்து போகும் புழு

மாரி தொடங்குவதற்குச் சற்று முன் மட்டக்களப்பு மாவட்டத்துக் களுதாவளையில் ஒரு மரக்கறித் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். தோட்டத்தின் சொந்தக்காரர், வயதில் என் தந்தையை ஒத்தவர், வாடிப்போன கத்தரிச் செடியொன்றை வேரோடு பிடுங்கி என் கையில் தந்தார். வேர் முழுவதும் மணி கோத்ததுபோல முடிச்சுகள். "தம்பி, இந்த முடிச்சைப் போடுவது நூற்புழு என்கிறீர்கள். பூச்சியைக் கொல்ல மண்ணில் விடச் சொல்வதும் நூற்புழு என்கிறீர்கள். இதில் எதைத்தான் நம்புவது?" என்று கேட்டார்.

அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. 2021 இல் இரசாயன உரமும் பீடைநாசினியும் இறக்குமதி செய்யத் தடை வந்தபோது, மாற்று வழி என்ற பெயரில் எத்தனையோ விடயங்கள் நம் ஊர்களில் வாய்க்கு வாய் பேசப்பட்டன. அவற்றில் ஒன்று "நன்மை செய்யும் நூற்புழு". அதைப் பற்றி ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு பொருந்தவில்லை. ஒருவர் அதை மருந்து என்றார். மற்றவர் உரம் என்றார். வேறொருவர், அதை விட்டால் பிள்ளைகளின் வயிற்றில் பூச்சி வரும் என்று பயமுறுத்தினார். இவற்றில் ஒன்றுகூடச் சரியில்லை. எனவே அடியிலிருந்து தொடங்குவோம்.

நெல்லுக்குருவியும் கொக்கும்

நூற்புழு என்பது நூல்போல நீண்ட, உடலில் வளையங்கள் இல்லாத புழு வகை. வட்டப்புழு என்றும் சொல்வார்கள். மண்புழுவின் உடலில் வளையம் வளையமாகத் தெரியும். ஆகையால் அது நூற்புழு அல்ல. நூற்புழுக்களில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. ஒரு கைப்பிடி தோட்ட மண்ணிலேயே அவை ஆயிரக்கணக்கில் இருக்கலாம்.

இந்த ஒரே பெயருக்குள் பலவகைக் குணங்கள் அடங்கியிருக்கின்றன. பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்கிறோமே, அந்தக் குடற்புழுக்கள் நூற்புழுக்கள். யானைக்கால் நோயை உண்டாக்கியதும் ஒரு நூற்புழுதான். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் அந்த நோயை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016 இல் அறிவித்தது. கத்தரி வேரில் முடிச்சுப் போடுவது இன்னொரு வகை. இவை எவற்றோடும் சேராமல், மண்ணிலுள்ள பற்றீரியாக்களையும் பூஞ்சணங்களையும் தின்று வாழ்பவை ஏராளம். பூச்சிகளை மட்டும் தேடிப் பிடிப்பவையும் இருக்கின்றன. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது.

வயலில் நிற்பவர்களுக்கு இது புதிதல்ல. நெல்லுக்குருவி கதிரைத் தின்னும். கொக்கு வரப்போரம் நின்று பூச்சியையும் நண்டையும் பொறுக்கும். இரண்டும் பறவைகள்தாம். கொக்கைக் கண்டு தகரம் தட்டுகிற விவசாயியை நான் பார்த்ததில்லை.

பெயரில் மட்டுமல்ல, உடலிலும் வேறுபாடு உண்டு. வேரில் முடிச்சுப் போடும் புழுவின் வாயில் ஊசிபோன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதை வேரின் கலத்துக்குள் குத்தி உறிஞ்சுவதுதான் அதன் பிழைப்பு. பூச்சியைக் கொல்லும் புழுவுக்கு அந்த ஊசி இல்லை. கத்தரி வேரின்மேல் அதைக் கொண்டுபோய் வைத்தாலும் அதனால் ஒரு துளி சாறு குடிக்க முடியாது.

இதுவரை பார்த்ததில் இரண்டை மனதில் வைத்துக்கொண்டால் போதும். நூற்புழு என்பது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். பூச்சியைக் கொல்லும் நூற்புழு, வேரைத் தின்னும் நூற்புழுவாக ஒருநாளும் மாறாது.

பூச்சியைக் கொல்வது யார்?

இனி வருவதுதான் இந்த விடயத்தின் உயிர்நாடி. பலரும் தவறாக நினைப்பதும் இதைத்தான். புழு பூச்சியைக் கடித்துக் கொல்கிறது என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல.

மட்டக்களப்பில் எருமைத் தயிர் உறைவதைப் பார்க்காத வீடு குறைவு. பாலைக் காய்ச்சி, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு கரண்டி உறைமோர் விடுவோம். சட்டியை அசைக்காமல் மூடிவைத்தால் மறுநாள் தயிர். அந்த ஒரு கரண்டி மோரிலுள்ள பற்றீரியாக்கள் சட்டி முழுவதும் பெருகிப் பாலைத் தங்களுக்கேற்றபடி மாற்றிவிடுகின்றன. மாற்றிய பிறகு, பாலைக் கெடுக்கும் மற்றக் கிருமிகள் எளிதில் உள்ளே தலைகாட்ட முடியாது. புளிப்பு அவற்றைத் தடுத்துவிடும்.

பூச்சியைக் கொல்லும் நூற்புழு தன் குடலுக்குள் இப்படியொரு உறைமோரைச் சுமந்து திரிகிறது. அதன் குடலில் ஒரு குறிப்பிட்ட இனப் பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன. மண்ணில் அலையும் பருவத்தில் இந்தப் புழுவின் நீளம் ஒரு மில்லிமீற்றரை எட்டுவதே அரிது. அந்தப் பருவத்தை இனித் தொற்றுப்பருவப் புழு என்று அழைப்போம். அதாவது, பூச்சிக்குள் நுழைவதற்கென்றே தயாராக நிற்கும் இளம்புழு. அது எதையும் தின்னாது. உடலில் சேர்த்துவைத்த கொழுப்பைச் செலவழித்துக்கொண்டு ஒரு பூச்சிக்காகக் காத்திருக்கும்.

வண்டின் குடம்பி ஒன்று அகப்பட்டதென்று வைத்துக்கொள்வோம். குடம்பி என்பது முட்டையிலிருந்து வந்து, இன்னும் வண்டாக மாறாமல், புழுவாய்த் தின்றுகொண்டிருக்கும் பருவம். தொற்றுப்பருவப் புழு அதன் வாய் வழியாகவோ, மலத்துவாரம் வழியாகவோ, உடலின் பக்கவாட்டிலுள்ள மூச்சுத் துவாரங்கள் வழியாகவோ உள்ளே நுழைகிறது. சில இனங்களுக்கு மெல்லிய தோலைக் கிழிக்க ஒரு சிறு பல்லும் இருக்கிறது. உள்ளே போய்க் குருதியை அடைந்ததும் சுமந்துவந்த பற்றீரியாக்களை வெளியே விடுகிறது. உறை விட்டாயிற்று. பற்றீரியாக்கள் பெருகுகின்றன, நஞ்சைச் சுரக்கின்றன, பூச்சியின் உள்ளுறுப்புகளைக் கரைக்கின்றன. பெரும்பாலும் இரண்டு நாட்களுக்குள் பூச்சி இறந்துவிடுகிறது.

அதன் பிறகுதான் புழுவுக்குச் சாப்பாடு. பெருகிய பற்றீரியாக்களையும் கரைந்த சதையையும் தின்று வளர்ந்து, அந்த உடலுக்குள்ளேயே இரண்டு மூன்று தலைமுறை பெருகுகிறது. உணவு தீரும்போது பிறக்கும் குஞ்சுகள் மீண்டும் தொற்றுப்பருவப் புழுக்களாகி, ஆளுக்குக் கொஞ்சம் பற்றீரியாவைக் குடலில் கட்டிக்கொண்டு வெளியேறுகின்றன. இதற்கு ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை ஆகும். நன்கு கொழுத்த ஒரு மெழுகு அந்துப் புழுவிலிருந்து ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டவை வெளியேறலாம்.

இவ்வளவு நடந்தும் அந்தப் பிணம் நாறுவதில்லை. தயிரில் புளிப்பு மற்றக் கிருமிகளை அண்டவிடாததுபோல, இந்தப் பற்றீரியாக்களும் மற்ற நுண்ணங்கிகளை அடக்கும் பொருட்களைச் சுரந்து, தம் சட்டியைத் தமக்கென்றே காத்துக்கொள்கின்றன. எறும்புகள்கூட அந்த உடலைத் தொடத் தயங்கும். முதன்முறை இப்படிச் செத்த புழுவொன்றை முகர்ந்து பார்த்தபோது, அழுகல் நாற்றம் இல்லாததை என்னால் நம்ப முடியவில்லை.

இரண்டு பெயர்களை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்; கடைகளிலும் அறிவுறுத்தல் தாள்களிலும் அவைதான் வரும். ஒன்று ஸ்டெயினர்நீமா, மற்றது ஹெட்டரோராப்டிடிஸ். முதலாவதால் செத்த பூச்சி மங்கிய மஞ்சளாகவோ கபிலமாகவோ மாறும். இரண்டாவதால் செத்தது செங்கல் நிறத்தில் சிவக்கும். இரண்டாவது சுமக்கும் பற்றீரியா மெல்லிதாக ஒளிரக்கூடியது. நல்ல இருட்டில் கண்ணைப் பழக்கிக்கொண்டு பார்த்தால் செத்த பூச்சியின் உடல் மங்கலாக மின்னுவது தெரியும்.

சுருங்கச் சொன்னால், புழு வாகனம், பற்றீரியா ஆயுதம். இந்தப் பற்றீரியாவால் மண்ணில் தனியே நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியாது. அது இல்லாமல் புழுவால் பெருகவும் முடியாது. நாம் மண்ணில் விடுவது நஞ்சை அல்ல, இந்தக் கூட்டாளிகளின் ஒரு சோடியை.

கல்லடிப் பாலத்துத் தூண்டிலும் வீச்சுவலையும்

எல்லா நூற்புழுக்களும் ஒரே விதமாக வேட்டையாடுவதில்லை. பின்னேரம் கல்லடிப் பாலத்தடிக்குப் போனால் இரண்டு வகை மீன்பிடிகாரரைப் பார்க்கலாம். ஒருவர் தூண்டிலைப் போட்டுவிட்டு இருந்த இடத்தில் இருப்பார். மற்றவர் வீச்சுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு மீன் துள்ளும் இடம் பார்த்து நடப்பார்.

ஸ்டெயினர்நீமாவில் ஓர் இனம் தூண்டில்காரரைப் போன்றது. மண்ணின் மேற்பரப்பில் வாலை ஊன்றி உடலை நிமிர்த்தி நின்று, கடந்துபோகும் பூச்சியின்மேல் ஒட்டிக்கொள்ளும். ஊர்ந்து திரியும் வெட்டுப்புழு போன்றவற்றுக்கு இது பொருத்தம். ஹெட்டரோராப்டிடிஸ் வீச்சுவலைக்காரர். பூச்சி வெளிவிடும் கரியமிலவாயுவையும் மற்ற மணங்களையும் பின்பற்றி மண்ணுக்குள் இறங்கித் தேடும். கிழங்கைக் குடைந்துகொண்டோ வேரைக் கடித்துக்கொண்டோ ஓரிடத்தில் கிடக்கும் குடம்பிக்கு இதுதான் சரி. ஆளை மாற்றி அனுப்பினால் வேலை நடக்காது. "போட்டேன், பயன் இல்லை" என்று சொல்லப்படும் கதைகளில் பல இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

எழுவான்கரை மணலும் படுவான்கரைக் களியும்

தொற்றுப்பருவப் புழு தண்ணீரில் நீந்துவதில்லை, காற்றில் பறப்பதுமில்லை. மண் துணிக்கைகளைச் சுற்றியிருக்கும் மெல்லிய ஈரப் படலத்தில் வழுக்கிக்கொண்டு நகர்கிறது. ஈரம் வற்றினால் அதன் தெரு அடைபட்டுவிடும். மண் முழுவதும் தண்ணீர் நின்றால் மூச்சுமுட்டிவிடும். மண் துணிக்கைகளுக்கு இடையே இடைவெளி இருந்தால் நன்றாக நகரும். இறுகிய களியில் தடுமாறும்.

நம் மாவட்டத்தில் இதைப் புரியவைக்க வரைபடமே தேவையில்லை. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை: கடலோர மணல், கிணற்று நீர்ப்பாசனம், மிளகாயும் வெண்டியும் வெற்றிலையும். மேற்கே படுவான்கரை: வயல் வட்டைகள், களிமண், மாரியில் தேங்கும் வெள்ளம். நூற்புழுவுக்குப் பிடித்த வீடு எழுவான்கரை மணல்தான். இது வெறும் ஊகமல்ல. இலங்கையில் பூச்சிகொல்லும் நூற்புழுக்கள் எங்கே இயற்கையாக வாழ்கின்றன என்று தேடி 1994 இல் வெளிவந்த ஆய்வில், அவை கடற்கரையை ஒட்டிய மணல் மண்ணிலேயே அகப்பட்டன. தம்பிலுவில், திருக்கோவில், நிந்தவூர்ப் பக்கத்துக் கரையோரத் தோட்டங்களுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும்.

ஆனால் மணலுக்கு ஒரு குறை உண்டு. விரைவில் காய்ந்துவிடும், விரைவில் சுடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகலில் வெறுங்காலோடு அந்த மணலில் நடந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெப்பமும் சூரிய ஒளியின் புறஊதாக் கதிரும் நூற்புழுவுக்கு எமன். குளிர்நாட்டு இனமொன்றை வாங்கிவந்து நம் கோடையில் விடுவது, தயிர் உறைமோரைக் கொதிக்கும் பாலில் ஊற்றுவதைப் போன்றது.

இங்கே ஒரு நல்ல செய்தி. வெப்பத்தைத் தாங்கும் இனங்களில் பெயர்பெற்றது ஹெட்டரோராப்டிடிஸ் இண்டிகா. அது தமிழ்நாட்டில், கோயம்புத்தூரில், கரும்பைத் துளைக்கும் புழுவொன்றிலிருந்து எடுக்கப்பட்டு 1992 இல் உலகுக்கு விவரிக்கப்பட்டது. பூச்சிகொல்லும் நூற்புழுக்களைப் பயிர்ப் பாதுகாப்புக்குப் பயன்படுத்தும் எண்ணமே அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் 1929 இல், புல்வெளியை அழித்த வண்டின் செத்த குடம்பிகளை ஆராய்ந்தபோது எழுந்தது. பிறகு மலிவான இரசாயன நஞ்சுகள் வந்ததும் அந்த முயற்சி பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

எதற்கு உதவும், எதற்கு உதவாது

வேலை நடக்கும் இடம் மண். மண்ணுக்குள்ளோ, மண்ணைப்போல ஈரமும் இருளும் உள்ள இடத்திலோ ஏதேனும் ஒரு பருவத்தைக் கழிக்கும் பூச்சிதான் இதற்கு ஏற்ற இலக்கு. வற்றாளைக் கிழங்கைக் குடையும் கூன்வண்டின் குடம்பி, வாழைக் கிழங்கைத் துளைக்கும் வண்டின் குடம்பி, வேரைத் தின்னும் வெள்ளைப் புழு, இரவில் நாற்றை அடியோடு அறுத்துப்போடும் வெட்டுப்புழு ஆகியன அப்படிப்பட்டவை.

சோளனைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2018 இன் இறுதியில் சேனா படைப்புழு வந்தபோது அம்பாறையில் சோளன் செய்தவர்கள் பட்ட துயரம் இன்னும் மறக்கவில்லை. அந்தப் புழு இலைக் குருத்துக்குள் ஒளிந்து தின்கிறது. முதிர்ந்ததும் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிறது. எனவே குருத்தில் தங்கும் ஈரத்திலும், அது மண்ணுக்கு இறங்கும் வேளையிலும் நூற்புழுவுக்கு வாய்ப்பு உண்டு. ஆயினும், பல ஏக்கர் சோளனுக்கு இதையே நம்பியிருங்கள் என்று என்னால் மனமறிந்து சொல்ல முடியாது. குருத்தை அடிக்கடி பிரித்துப் பார்ப்பதும், முட்டைக் குவியல்களை நசுக்குவதும், நேரத்தோடு விதைப்பதும் முதலில் வர வேண்டும்.

நெல்லுக்கு வேண்டாம். தண்ணீர் நிற்கும் வயலில் இது மூச்சுவிடாது. அறக்கொட்டியான் பயிரின் அடியில் தண்டிலிருந்து சாறு உறிஞ்சும் பூச்சி. அதற்கும் இது தீர்வல்ல. மிளகாய் இலையைச் சுருட்டும் பேன்பூச்சி, வெண்டியில் மொய்க்கும் வெள்ளை ஈ போன்றவற்றின்மேல் வெயிலில் விசிறினால் பூச்சி சாவதற்கு முன் புழுதான் காயும்.

களுதாவளைப் பெரியவரின் கத்தரி வேர்முடிச்சுக்கும் இதை மருந்தென்று சொல்ல மாட்டேன். அது வேறு புழு, அதற்கு வேறு வழி: நிலத்தைக் காயப்போடுவது, பயிரை மாற்றுவது, சுத்தமான நாற்றை நடுவது.

மனிதருக்கும் ஆடு மாடு கோழிக்கும் மண்புழுவுக்கும் இந்த நூற்புழுக்களால் தீங்கில்லை. வெளிநாடுகளில் பல பத்தாண்டுகளாக மரக்கறித் தோட்டங்களில் பயன்படுத்தி வருகிறார்கள். பிள்ளைகளின் வயிற்றில் இது குடியேறும் என்ற பயம் தேவையற்றது.

விடும் நாள்

உறைமோரை எப்படிக் கையாள்வோமோ அப்படித்தான் இதையும். உயிரோடு இருக்க வேண்டும், பழையதாக இருக்கக் கூடாது, சூடு படக் கூடாது. வெயில் விழும் கடைத் தட்டில் நாட்கணக்கில் கிடந்த பொதியை விலை குறைவென்று வாங்காதீர்கள். ஒரு துளி கரைசலை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். வளைந்து நெளிந்தால் உயிர் இருக்கிறது. ஊசிபோல நேராக அசையாமல் கிடந்தால், சற்றுப் பொறுத்துத் தட்டிப் பாருங்கள். அப்போதும் அசையாவிட்டால் பெரும்பாலும் செத்தவை.

வழக்கமாகச் சொல்லப்படும் அளவு ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ இரண்டரை இலட்சம். ஒரு ஹெக்டேயருக்கு 250 கோடி. எண்ணிக்கையைக் கேட்டு மலைக்க வேண்டாம், அவ்வளவு சிறியவை. ஒரு பேர்ச் பாத்திக்கு 60 இலட்சத்துக்குச் சற்று மேல் வரும். அதனால்தான் இது நாற்றுமேடைக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் வாழையடிக்கும் கட்டுப்படியாகும்; பரந்த நிலத்துக்குச் செலவு ஏறும்.

மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு விடுங்கள். அதற்கு முன் மண்ணை நன்றாக நனைத்துவிடுங்கள். விட்ட பிறகு மீண்டும் கொஞ்சம் தண்ணீர் விட்டால் புழு மண்ணுக்குள் இறங்கும். பூவாளியே போதும். தெளிகருவியைப் பாவித்தால் முனையிலுள்ள நுண்ணிய வடியைக் கழற்றிவிடுங்கள். முன்பு நஞ்சு கரைத்த தாங்கியென்றால் பலமுறை கழுவுங்கள். புழுக்கள் அடியில் படியும், எனவே அடிக்கடி கலக்க வேண்டும். கரைத்ததை அன்றே முடித்துவிடுங்கள். அடுத்த இரண்டு வாரம் மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இத்தனையில் எதையேனும் விட்டுவிட நேர்ந்தால் எதை வேண்டுமானாலும் விடுங்கள், ஈரத்தை மட்டும் விடாதீர்கள்.

மறுநாள் காலையில் போய்ச் செத்த பூச்சிகளைத் தேட வேண்டாம். இறப்பது மண்ணுக்கடியில், நாற்றமும் வராது. ஐந்தாறு நாள் கழித்து ஓரிடத்தைக் கிளறி, நிறம் மாறித் தளர்ந்து கிடக்கும் குடம்பிகளைத் தேடுங்கள். ஒருமுறை விட்டால் என்றென்றும் இருக்கும் என்பதும் தவறு. பூச்சி இல்லாதபோதும் மண் வறண்டபோதும் தொகை இறங்கிவிடும். அடுத்த போகத்தில் மீண்டும் விட வேண்டி வரலாம்.

இன்னொன்று, கண்டிப்பாக. இந்தியாவுக்குப் போய்வருபவர்களிடம் சொல்லி ஒரு பொதியைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரச் செய்யாதீர்கள். வெளியூர் உயிரினங்களை நாட்டுக்குள் கொண்டுவருவதைக் கட்டுப்படுத்த 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சேனா படைப்புழுவை அனுபவித்த மாவட்டத்துக்கு, வெளியிலிருந்து வரும் உயிர் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் முதலில் கேளுங்கள்.

நம் மண்ணில் இருக்கிறதா என்று பார்க்கலாம்

வாங்குவதற்கு முன், உங்கள் மண்ணிலேயே இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம். எனக்கு இந்த விடயத்தில் மிகவும் பிடித்த பகுதி இது. பாடசாலைப் பிள்ளைகளும் செய்யலாம்.

தேனீப் பெட்டி வைத்திருப்பவர்களிடம் கேட்டால், கைவிட்ட தேனடையில் மெழுகைத் தின்னும் அந்துப் புழுக்கள் கிடைக்கும். வாழையடி, வேலியோரம், தென்னையடி என்று நிழலும் ஈரமும் உள்ள இடங்களில் ஒரு சாண் ஆழம் வரை தோண்டிய மண்ணைப் போத்தலொன்றில் முக்கால் பங்கு நிரப்புங்கள். கையால் பிடித்தால் உருண்டையாகும் அளவுக்கு ஈரம் இருக்கட்டும். ஐந்தாறு புழுக்களை உள்ளே விட்டு, மூடியில் சிறு துளைகளிட்டு மூடி, போத்தலைத் தலைகீழாக நிழலில் வையுங்கள். எந்த மண் எந்த இடத்திலிருந்து வந்ததென்று எழுதி ஒட்ட மறக்க வேண்டாம்.

மூன்றாம் நாளிலிருந்து பாருங்கள். கறுத்து, கசிந்து, நாறும் புழுவை எறிந்துவிடுங்கள். அது வேறு கிருமியால் செத்தது. உடல் விறைத்து வெள்ளை அல்லது பச்சைப் பூஞ்சணம் படர்ந்திருந்தால் அதுவும் வேறு கதை. செங்கல் நிறத்திலோ மங்கிய மஞ்சளிலோ, தளர்வாக, நாற்றமில்லாமல் கிடந்தால் உற்றுக் கவனியுங்கள்.

அந்தப் புழுவை, தட்டில் கவிழ்த்துவைத்த சிறு மூடியின் மேல் ஈரத்தாளை விரித்து அதன்மேல் கிடத்துங்கள். தாளின் ஓரம் தட்டிலுள்ள தண்ணீரைத் தொட வேண்டும். இரண்டு வாரம் வரை பொறுங்கள். பிணத்தை விட்டு வெளியேறும் தொற்றுப்பருவப் புழுக்கள் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கும். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், தண்ணீரில் மெல்லிய பால் கலந்ததுபோல ஒரு கலங்கல் அசைவது தெரியும். அந்தக் கலங்கலை நண்பர்களுக்குக் கொடுக்கும் முன் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்திலோ விவசாயத் திணைக்களத்திலோ காட்டி, எந்த இனம் என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

களுதாவளைப் பெரியவர் இப்போது நான்கு போத்தல்களைக் கழுவிக் காயவைத்திருக்கிறார். அந்துப் புழுவுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. முதல் போத்தலுக்கான மண்ணைக் கிணற்றடி வாழையின் கீழிருந்து எடுக்கப்போவதாகச் சொன்னார்; அங்கே கோடையிலும் ஈரம் வற்றுவதில்லை.